வண்டிக்கு அந்தப் பக்கம் நடந்த கால்கள்

எங்கள் வீட்டில் நைனாவைக் கூப்பிட வேண்டுமானால் கட்டையை மிதிப்போம்.

ராயபுரம் யார்டின் பின்சுவரை ஒட்டிய ரயில்வே லைன் வீடு அது. ஒரே அறை, ஒட்டினாற்போல் அடுப்படி. சுவரோரமாக ஒரு பழைய ஸ்லீப்பர் கட்டை கிடந்தது. தண்டவாளத்துக்கு அடியில் ஆயுளைக் கழித்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்த கட்டை. கரியும் எண்ணெயும் ஊறி, தொட்டால் கை கறுக்கும். அதன் ஒரு முனையில் நைனா உட்காருவார். மறுமுனையை அம்மா குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதிப்பாள். அதிர்வு கட்டைக்குள் ஓடி அவர் இடுப்பில் ஏறும். திரும்பிப் பார்ப்பார். சோறு ஆகிவிட்டது என்றால் வாய்க்கு நேரே குவித்த ஐந்து விரல். குழாயில் தண்ணீர் இல்லை என்றால் விரித்த வெறுங்கை. ஆள் வருகிறது, பேசாதே என்றால் மூக்கைத் தொடுவது. அக்கம்பக்கத்தில் அம்மாவுக்குக் கோபக்காரி என்று பேர். "இன்னாமே, இன்னிக்கும் உங்கம்மா குதிச்சிகினு கீறா?" என்று குழாயடியில் கேட்பார்கள். ஆமாம் என்று சிரித்துவைப்பேன். நைனாவுக்குக் காது போய்விட்டது என்பதைவிட அம்மாவுக்குக் கோபம் அதிகம் என்பது வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய சங்கதி.

ஏனென்றால் கேட்பதுதான் நைனாவின் உத்தியோகம். கூட்ஸ் வண்டி யார்டை விட்டுக் கிளம்பும் முன், நீளக் காம்பு போட்ட சுத்தியலோடு அதன் பக்கவாட்டில் நடந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். முழுசான இரும்பு டங்கென்று எழுந்து, அந்த ஒலியை இழுத்துக்கொண்டே கொஞ்ச தூரம் கூட வரும். உள்ளே விரிசல் இருந்தால் டொப். அவ்வளவுதான். ஈரத்துணியைக் கல்லில் போட்ட மாதிரி. அந்தச் சக்கரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டால் பெட்டியைக் கழற்றி ஒதுக்கிவிடுவார்கள். போடாமல் விட்டால், எண்ணூர் தாண்டி கழிமுகப் பாலத்தின்மேல் அது இரண்டாகப் பிளந்துகொள்ளலாம். பிளக்காமல் கூடூர் வரைக்கும் சமத்தாகப் போய்ச் சேரவும் செய்யலாம். இரும்பின் மனசு யாருக்குத் தெரியும்.

காதைத் தின்றதும் ரயில் வேலைதான். யுத்த காலத்தில் நைனா பாய்லர் பட்டறையில் இருந்தார். வெளியே ஒருவன் பழுக்கக் காய்ச்சிய ஆணியைச் சுத்தியலால் அடிப்பான். பாய்லருக்கு உள்ளே குந்தியிருக்கும் நைனா அதன் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அடிக்கிற மணிக்குள்ளே குடியிருக்கிற மாதிரி. பட்டறையில் எல்லோரும் காதில் பஞ்சு வைத்தார்கள். நைனாவும் வைத்தார். பஞ்சு என்ன செய்யும், பாவம். யுத்தம் முடிந்து, வயசானவர்களை யார்டுக்கு மாற்றியபோது, தட்டிக் கேட்கிற வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அப்போது இன்னும் கேட்டது. நன்றாகவே கேட்டது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் கொசு போயிற்று. அப்புறம் எண்ணெயில் வெடிக்கும் கடுகு. அப்புறம் குருவி. ஒரு சாயங்காலம் நான் அவருக்கு முன்னால் நடந்துபோக, "எங்கடி கொலுசு? தொலைச்சுட்டியா?" என்று கேட்டார். கொலுசு என் காலில்தான் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். அதை ஒற்றை விரலால் தொட்டார். நான் வேண்டுமென்றே காலை உதறினேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டு, எதிரே ஷண்டிங் எஞ்சின் ஊதுவதை, ஊதும்போது எழும் வெள்ளைப் புகையை, பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கு அதற்கும் முன்பே தெரிந்திருக்கும்.

அம்மா அழவில்லை. "நான் பேசினது எந்தக் காலத்துல இவருக்குக் கேட்டுது? இப்ப இன்னா புச்சா?" என்றாள். திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனியில் அவளுக்குப் பெட்டி ஒட்டுகிற வேலை. விரலிடுக்குகளில் பசை காய்ந்து செதில் செதிலாக உரியும். அன்றைக்கு இரவுச் சோறு பிசையும்போது அந்தச் செதில்களை உரித்துக்கொண்டே இருந்தாள்.

விஷயத்தைக் கண்டுபிடித்த இன்னொருவர் பாய். வண்ணாரப்பேட்டைக்காரர். நைனாவோடு ஜோடியாக வேலை செய்தவர். நைனா சக்கரத்தைத் தட்டிக்கொண்டு வண்டிக்கு இந்தப் பக்கம் போனால், பாய் எண்ணெய்க் குவளையோடு அந்தப் பக்கம் போய், அச்சு முனைகளில் இருக்கும் எண்ணெய்ப் பெட்டிகளைத் திறந்து ஊற்றி மூடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, நைனாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மாமு, நேத்து உன்ன எட்டு வாட்டி கூப்டேன். ஒன்பதாவது வாட்டி உன் பொண்டாட்டிய இட்டுகினு ஓடிட்டேன்னு சொன்னேன். நீ சிரிச்சிகினே தலைய ஆட்டுற!"

அம்மா அடுப்படியிலிருந்து, "ஆட்டுவாரு. தொல்லை உட்டுதுன்னு ஆட்டுவாரு" என்றாள்.

நைனா பாயின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். செவிடர்கள் பேசுகிற அந்த அளவு தெரியாத குரலில், "கைக்குக் கேக்குது பாய்" என்றார். தட்டிய உடனே இடது உள்ளங்கையைச் சக்கரத்தில் வைத்தால் அதிர்வு தெரியும். முழுசான சக்கரம் கையில் கூசும். விரிசல் கண்டது செத்துக் கிடக்கும். அதை நம்பித்தான் அத்தனை நாளும் ஓட்டியிருக்கிறார்.

பாய் நினைத்திருந்தால் மேலே சொல்லியிருக்கலாம். சொன்னால் நைனாவுக்கு வேலை போகும், வேலையோடு வீடும் போகும். சொல்லாவிட்டால் ஏதோ ஒரு சக்கரம். கடைசியில், "கைய மட்டும் நம்பாத மாமு. என் காலைப் பாரு" என்றார்.

அப்படித்தான் அந்த ஏற்பாடு. நைனா இந்தப் பக்கம் தட்டுவார். அந்தப் பக்கம் பாய் கேட்பார். வண்டிக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற வெளிச்சத்தில், பாயின் முழங்காலுக்குக் கீழே தெரியும். எண்ணெய் ஊற்றிவிட்டுக் கால்கள் நடந்தால் சக்கரம் சரி. நகராமல் அங்கேயே நின்றால் சரியில்லை. நைனா குனிந்து குனிந்து போவதைப் பார்த்தவர்கள், மனுஷன் எவ்வளவு அக்கறையாக வேலை செய்கிறார் என்று நினைத்தார்கள். பாய்க்குக் கணுக்காலில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு. அந்தத் தழும்பு இரண்டு வருஷம் நைனாவுக்குக் காதாக இருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் நான்கு முறை அந்தக் கால்கள் நின்றன. நான்கு முறையும் நைனா குறி போட்டார். நான்கும் விரிசல்கள்.

எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. பதினேழு வயசில் நான் சாம்பல் குழியில் கரி பொறுக்கிக்கொண்டிருந்தேன். எஞ்சின் வயிற்றைக் காலி செய்து கொட்டும் சாம்பலில் பாதி வெந்த கரி கிடக்கும். சல்லடையில் அள்ளிச் சலித்து, தண்ணீர் தெளித்து, கூடை கூடையாகக் கட்டுவோம். ஏழெட்டுப் பெண்கள். மூக்கைச் சிந்தினால் கறுப்பு. நைனா துருவாக வருவார், அம்மா பசையாக வருவாள், நான் சாம்பலாக வருவேன். ஒரே வாளித் தண்ணீர். கடைசியில் குளிக்கிறவளுக்கு மூன்று பேரின் உழைப்பும் சேர்ந்து கிடைக்கும்.

குழியிலிருந்து பார்த்தால் வண்டிகள் நிற்கும் லைன் மூன்று தண்டவாளம் தள்ளி. சல்லடையை ஆட்டிக்கொண்டே நைனாவின் தட்டலைக் கேட்பேன். டங், டங், டங், டங். என் நாடி அதோடுதான் ஓடியது என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அப்போது அது வெறும் நைனாவின் சத்தம்.

அந்த நாள் கார்த்திகை மாசத்து வெறிச்சென்ற காலை. மழை விட்டு, கடல் காற்றில் காசிமேட்டுக் கருவாடு. துறைமுகத்திலிருந்து வந்த கோதுமை மூட்டைகளோடு ஒரு கூட்ஸ் வடக்கே போகக் காத்திருந்தது. கடைசியில் கார்டின் பெட்டி. கார்டு ஒரு சட்டைக்காரர். ஆங்கிலோ இந்தியர்களை அப்போது அப்படித்தான் சொல்வோம். வெள்ளைத் தொப்பியும் பச்சைக்கொடியுமாகச் சாம்பல் குழியைத் தாண்டும்போதெல்லாம் ஒடிந்த தமிழில், "நம்ஸ்காரம் மகாராணிகளே!" என்று தொப்பியைத் தூக்குவார். யார் எங்களுக்குத் தொப்பியைத் தூக்கினார்கள்? அவர் ஒருவர்தான். அன்றைக்கும் தூக்கினார்.

பெட்டிகளைப் பார்வையிடும் பரிசோதகர் புதிதாக வந்தவர். சின்ன வயசு. கண்ணாடி, கையில் நோட்டு. கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அவர் பாயைக் கூப்பிட்டு, "ஹார்பர் சைடிங்ல ஒரு பெட்டியோட அச்சு சூடாயிருக்காம். நீங்க அங்க போங்க. இங்க நான் கூட நடக்கறேன்" என்றார். பாய் தயங்கினார். "இத்த முடிச்சிட்டுப் போறேனே சார்." "எதுக்கு? ஒரு வண்டிக்கு ரெண்டு ஆளா?" பாய் எண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது மூன்று தரம் திரும்பிப் பார்த்தார்.

நைனா தட்ட ஆரம்பித்தார். பரிசோதகர் தோளுக்குத் தோள் நடந்தார். அவர் முன்னால் சக்கரத்தில் கை வைக்க முடியாது. ஏன் தடவுகிறாய் என்று ஒரு கேள்வி வந்தால் எல்லாம் முடிந்தது. நைனா பழக்கத்தில் ஒரு தடவை குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். அங்கே யாருமில்லை. வெறும் ஜல்லிக்கல்லும் வெளிச்சமும். நிமிர்ந்துவிட்டார். அதற்கப்புறம் குனியவில்லை. ஒன்றும் கேட்காமல், ஒன்றையும் தொடாமல், யாரும் சொல்லாமல், சாதாரணமாகத் தட்டிக்கொண்டு நடந்தார். அந்த நடையை இன்றைக்கும் என்னால் பார்க்க முடியவில்லை. பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்.

டங். டங். டங். டங். கடைசியிலிருந்து மூன்றாவது பெட்டி. டங். டொப்.

சல்லடை என் கையில் நின்றுவிட்டது. பரிசோதகர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நைனா அடுத்த சக்கரத்துக்குப் போய்விட்டார். நான் வாயைத் திறந்தேன். நான் கத்தினால் நைனாவுக்குக் கேட்காது. பரிசோதகருக்குக் கேட்கும். எனக்குக் கேட்டது உனக்கு ஏன் கேட்கவில்லை என்று அவர் நைனாவைப் பார்ப்பார். வாயை மூடிக்கொண்டேன். கார்டு பச்சைக்கொடியை விரித்தார். எஞ்சின் ஊதிற்று. பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. அந்த மூன்றாவது பெட்டி என் கண்ணுக்கு முன்னால் போனது. அதற்குப் பின்னால் இரண்டு பெட்டி தள்ளி, கார்டு தன் ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பது தெரிந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பக்கத்தில் சலித்துக்கொண்டிருந்தவள், "இன்னாமே, பேயறைஞ்ச மாதிரி நின்னுகினு கீற?" என்று இடுப்பில் குத்தியதும் ஓடினேன்.

நைனா தண்ணீர்த் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். மூன்று விரலைக் காட்டினேன். பின்னாலிருந்து என்று கையால் சொன்னேன். முஷ்டியை உள்ளங்கையில் மெத்தென்று போட்டேன்.

"எது?" என்றார் உரக்க. நான் மூக்கைத் தொட்டேன். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "மெய்யாலுமே கேட்டியா?"

அந்த இடத்தில் நான் பின்வாங்கிவிட நினைத்தேன். இல்லை நைனா, சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல நினைத்தேன். தலை தானாக ஆடிவிட்டது.

அவர் தன் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "கை வெக்கல. அந்தாளு பக்கத்துலயே இருந்தான்." பிறகு, யாரிடமோ சொல்கிற மாதிரி, "கார்டு பின்னாடி குந்திகினு கீறாரு" என்றார். ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பரிசோதகரின் அறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

"சார், வண்டிய நிறுத்துங்கோ. பின்னாலேந்து மூணாவது. வீலு டொப்புங்குது."

"நானும் கூடத்தானே வந்தேன்? அப்பவே ஏன் சொல்லல?"

நைனா அவர் உதட்டைப் படித்தார். "எனக்குக் கேக்கல சார்."

"அப்ப இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு ஒண்ணியுமே கேக்காது சார். ரெண்டு வருசமா கேக்கல. எம் பொண்ணு கேட்டா."

பரிசோதகர் என்னைப் பார்த்தார். தலை முழுக்கச் சாம்பலோடு நிற்கிற ஒருத்தி. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போனைச் சுழற்றினார். வண்டி திருவொற்றியூரைத் தாண்டிவிட்டிருந்தது. எண்ணூரில் பிடித்துவிட்டார்கள், பாலத்துக்கு முன்னால்.

பதில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க நைனா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். நான் விரிசலுக்காக வேண்டிக்கொண்டேன். ஆமாம். அந்த இரும்பு உடைந்திருக்க வேண்டும் என்று, ராயபுரத்தில் எத்தனை சாமி உண்டோ அத்தனைக்கும், மாதா கோயிலுக்கும் தர்காவுக்கும் சேர்த்து, வேண்டிக்கொண்டேன். உடைந்திருந்தால் நைனா ஒரு வண்டியைக் காப்பாற்றியவர்.

போன் அடித்தது. பரிசோதகர் கேட்டுக்கொண்டார். வைத்தார். வெளியே வந்து நைனாவுக்கு முன்னால் குனிந்து, உதடு நன்றாகத் தெரியும்படி, மெல்லச் சொன்னார்.

"சக்கரம் நல்லாயிருக்கு. கைப்பிரேக்கை எடுத்துவிட மறந்திருக்காங்க. பிரேக் கட்டை சக்கரத்தை இறுக்கிப் புடிச்சிருந்துது. எடுத்துவிட்டுத் தட்டினா சுத்தமா அடிக்குதாம்."

நைனா தலையில் கை வைத்தார். அவருக்கு அது தெரியாத விஷயமே இல்லை. தட்டுகிற எவனும் முதலில் பிரேக்கைப் பார்ப்பான், அப்புறம்தான் தட்டுவான். அன்றைக்கு, பக்கத்தில் நடக்கிற ஆளின் உதட்டுக்கும் தன் பயத்துக்கும் நடுவே, அவர் கண்ணும் பார்க்கத் தவறியிருக்கிறது. நானோ மூன்று தண்டவாளம் தள்ளியிருந்து இத்தனை வருஷம் சத்தத்தை மட்டும் கேட்டவள். பிரேக் என்று ஒன்று அதற்கு நடுவே உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

சாயங்காலம் பாய் வந்தார். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "மணிய ஒரு கையால அமுக்கிப் புட்சிகினு இன்னொரு கையால அடிச்சா எப்டிம்மா கேக்கும்? அப்டித்தான் இதுவும்." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மத்தியானமே நடந்த விசாரணையில், வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டபோது நைனா, "யாருக்கும் தெரியாது. வூட்ல மட்டும்தான்" என்று சொல்லியிருந்தார். அது பாய்க்கும் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவரால் எங்கள் வீட்டில் ஒரு வாய் டீ குடிக்க முடியவில்லை.

ரயில்வே டாக்டர் நைனாவைச் சுவர் பார்த்து நிற்கவைத்து, பின்னாலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார். நைனா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வரைக்கும் எண்ணினார் என்று, கூடப் போயிருந்த என்னைத்தான் நைனா பிறகு கேட்டார். பதினொன்று என்றேன். ஒரு மாசத்தில் வீட்டைக் காலி செய்தோம். கட்டையை எடுத்துப்போக முடியாது, அது ரயில்வே சொத்து.

அம்மாவின் கம்பெனிக்குப் பக்கத்தில், திருவொற்றியூரில் ஓலைக் குடிசை ஒன்று கிடைத்தது. மண் தரை. மிதித்தால் அதிர்வு எங்கும் போகாது. ஆனாலும் அம்மா மிதித்தாள், என்னைக் கூப்பிட. எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். அவள் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாலும், பேர் சொல்லாமல், வாயைத் திறக்காமல், தரையை ஒரு மிதி. நான் திரும்பினால் கையால் காட்டுவாள்: சோறு. தண்ணி. விறகு. தை பிறக்கும் வரைக்கும் அப்படியே. அதைவிட அவள் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

நைனா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனாலேயே என்னால் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. அவர் முதுகைப் பார்த்துக் கேட்பேன். அவர் குனிந்து செருப்பு மாட்டும்போது, பல் விளக்கும்போது, ரெண்டடி பின்னால் நின்று, நல்ல சத்தமாகவே, "நைனா, எம் மேல கோவமா?" என்பேன். அவர் பல்லை விளக்கிக்கொண்டே இருப்பார். இப்படி நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

நைனாவுக்கு வேறு வேலை வாங்கிக் கொடுத்தது பாய்தான். துறைமுகத்தில், பழுதுக்கு வந்து நிற்கும் கப்பல்களின் பக்கவாட்டில் துரு தட்டுகிற வேலை. கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து, நாளெல்லாம் சின்னச் சுத்தியலால் இரும்பைக் கொத்த வேண்டும். "அங்க காது கேக்கறவன்தான் பேஜாரு மாமு. உன்ன மாதிரி ஆளுதான் வோணும்" என்று பாய் சிரிக்கப் பார்த்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் நைனா மறந்துவிட்டுப் போன சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் போனேன். ஒரு கப்பல், தெருவளவு நீளம். அதன் மேலே வரிசையாக இருபது முப்பது பேர் தொங்கிக்கொண்டு தட்டினார்கள். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. எனக்கே என் குரல் கேட்கவில்லை. நைனா நடுவில் இருந்தார். துருத்தூள் விழுந்து தலையெல்லாம் செம்மண். கீழே நின்று அண்ணாந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டேன். முதல் தடவையாக அவர் முகத்தை, பக்கவாட்டிலாவது, பார்த்துக் கேட்டேன்.

அவர் ஒரு தட்டுத் தட்டினார். உடனே இடது உள்ளங்கையைக் கப்பலின்மேல் வைத்தார். வைத்தபடியே கொஞ்சம் பொறுத்தார். எடுத்தார். அடுத்த தட்டு. மறுபடியும் கை.

"யோவ் கெய்வா! இன்னா தடவிகினு கீற? தட்டுய்யா!" மேஸ்திரி கைகளை வாயில் குவித்துக் கத்தினான். அவன் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்துத்தான் எனக்கே அது பாதி புரிந்தது.

நைனா தட்டினார். கையை வைத்தார்.